வெப்சைட் ஸ்டேட்டிக்கா (எல்லாருக்கும் ஒரே பக்கம்) இன்டராக்டிவ்வா (ஆள் செய்யிறதுக்கு ஏத்த மாதிரி மாறுறது), எது வேணும்?
திருகோணமலை உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற அண்ணை ஒராளுக்கு சைட் செய்யேக்க நானும் முதல்ல ரியாக்ட் (இன்டராக்டிவ் பக்கம் செய்யிற ஒரு டூல்) எண்டுதான் தொடங்கினன், பிறகு பாத்தா ரூம் படம், விலை, புறாத்தீவுக்கு போட் போற விபரம் எல்லாம் சீசனுக்கு ஒருக்கா மாறுற விசயம், அதுக்கு ஏன் டேட்டாபேஸ்? பாக்கிற ஆளுக்கு ஏத்த மாதிரி பக்கம் மாறவேணுமா எண்டு மட்டும் கேளுங்கோ. இல்லையெண்டா ஸ்டேட்டிக் எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதுற அடிப்படை மொழி) போதும், சிக்னல் குறைஞ்ச இடத்திலயும் கெதியா திறக்கும். எந்த நாள் ரூம் காலி எண்டு காட்டுற கலண்டர் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டில (பிரவுசருக்குள்ள ஓடுற ஸ்கிரிப்ட்), அதுவும் அந்த ஒரு பக்கத்தில மட்டும். கேள்வி பதிலைத் தட்டித் திறக்கிறதுக்குக்கூட ஸ்கிரிப்ட் தேவையில்ல, எச்டிஎம்எல்லிலயே அதுக்கு டீடெயில்ஸ் (details) எண்ட டேக் இருக்கு (நானே பிந்தித்தான் கண்டுபிடிச்சன்).