ஆண்டுவிழா அச்சீவ்மென்ட்டுக்காக எக்ஸ்பான்ஷன் வாங்கலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வருஷக்கணக்காக ஆடும் ஆன்லைன் கேமுக்கு ஆண்டுவிழா வருகிறது. லாகின் செய்ததும் பட்டாசு, பேனர், எல்லோரும் வாங்க என்று ஓர் அழைப்பு. உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தால் பாதி அச்சீவ்மென்ட்டில் (சொன்ன வேலையை முடித்தால் கணக்கில் ஏறும் சாதனை) பூட்டு தொங்குகிறது, புது எக்ஸ்பான்ஷன் (கேமோடு சேர்க்கத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்கினால்தான் திறக்குமாம். இது நியாயமா என்று எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு சண்டை நடக்கும். கில்டு என்றால் செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பையன்கள் பாதி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ச் சேட்டன்மார் மீதி. ஓணத்தை ஒட்டி விழா வந்தால் போனஸ் வாங்கிய கையோடு அவர்கள் எக்ஸ்பான்ஷனை வாங்கிவிடுவார்கள், எங்களுக்குத் தீபாவளி வரை இழுக்கும். அதனால் இங்கே எழுதுவதில் கொஞ்சம் எங்கள் பக்கத்துக் கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மேப், புது ரெய்டு (பல பேர் சேர்ந்து ஆடும் பெரிய சண்டை), புதுக் கதை, இதற்கெல்லாம் காசு கேட்பதில் தப்பே இல்லை. வேலை செய்தவனுக்குக் கூலி வேண்டும். ஆனால் ஆண்டுவிழா என்பது இத்தனை வருஷம் கூட இருந்தவர்களுக்கானது. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் தலைக்கட்டு வரி கொடுத்த எல்லா வீட்டுக்கும் பிரசாதம் உண்டு. வில்லுப்பாட்டுக்குத் தனியாக நன்கொடை கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதைக் கொடுக்காத வீட்டுக்குப் பிரசாதம் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே பஞ்சாயத்துதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் வேலை, பூட்டு எதில் இருக்கிறது என்று பார்ப்பது. விழாவில் பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும்: சும்மா லாகின் செய்தாலே வரும் பரிசு, தனித்தனி அச்சீவ்மென்ட்டுகள், அவற்றையெல்லாம் சேர்த்து முடித்தால் வரும் பெரிய அச்சீவ்மென்ட். மவுண்ட் (கேரக்டர் ஏறிச் செல்லும் வாகனம்), பட்டம் எல்லாம் பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கும். "எக்ஸ்பான்ஷன் தேவை" என்று நேராகப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். லெவல் எண்ணை மட்டும் போட்டு நிறுத்திவிடுவார்களே, அங்கேதான் ஏமாறுவோம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 2004 நவம்பரில் வந்த கேம். 2014இல் பத்தாம் ஆண்டு விழா. லாகின் செய்த எல்லோருக்கும் ஒரு நெருப்பு நாய்க்குட்டி கிடைத்தது, அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் பழைய மோல்டன் கோர் ரெய்டைத் திரும்ப ஆடி முடித்தால் கிடைக்கும் கோர் ஹவுண்ட் மவுண்ட்டுக்கு லெவல் 100 வேண்டும். அந்த 100 என்ற உச்ச லெவலே நவம்பர் 13 அன்று வெளியான வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் எக்ஸ்பான்ஷனோடுதான் வந்தது, விழா தொடங்கியதோ அதற்கு அடுத்த வாரம். பேஸ் கேமின், அதாவது எக்ஸ்பான்ஷன் சேராத மூலக் கேமின், முதல் நாள்களைக் கொண்டாடும் ரெய்டு, அதற்குள் நுழைய பத்து நாள்கூட ஆகாத எக்ஸ்பான்ஷன்! 2019இல் பதினைந்தாம் ஆண்டு விழாவிலும் இதே கதைதான். பழைய பாஸ்களை (ரெய்டில் வரும் பெரிய எதிரிகளை) வரிசையாக அடித்து டெத்விங் என்ற டிராகன் உருவத்தில் ஒரு மவுண்ட் வாங்க லெவல் 120, அதற்கு பேட்டில் ஃபார் அசெரோத் எக்ஸ்பான்ஷன். ஆகவே பட்டியலில் ஒரு லெவல் எண்ணைப் பார்த்தால், உங்களிடம் இருக்கும் எக்ஸ்பான்ஷனின் உச்ச லெவல் எவ்வளவு என்று உடனே பாருங்கள். பட்டியலில் இருக்கும் எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் அதுவும் ஒரு பூட்டுதான்.

அடுத்து, எண்ணிக்கை. பெரிய அச்சீவ்மென்ட்டின் வரியை நிதானமாகப் படியுங்கள். "எல்லாம் முடிக்க வேண்டும்" என்று இருக்கிறதா, "இவற்றில் ஏதாவது இத்தனை முடித்தால் போதும்" என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் ஒரு தாளை எடுத்துப் பூட்டில்லாதவற்றை மட்டும் எழுதிக் கூட்டுங்கள், தேவையான எண்ணிக்கை அதிலேயே தேறிவிட்டால் பர்ஸை மூடி வைத்துவிடலாம். இதைச் செய்யாமல் பூட்டைப் பார்த்த ஆத்திரத்தில் வாங்கியவர்கள் எங்கள் கில்டிலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

எல்லாக் கேமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ஏப்ரல் தோறும் ஆண்டுவிழாக் கேக் வரும், அதற்கு பேஸ் கேம் இருந்தால் போதும். ஃபைனல் ஃபேன்டஸி 14இன் ஆகஸ்ட் விழாவுக்கு வழக்கமாக லெவல் 15 போதும், புதிதாகச் சேர்ந்தவன்கூடக் கொஞ்ச நாளில் தொட்டுவிடுவான். (விழா முடிந்து நாளான பிறகு அதே பொருள்களைக் கடையில் காசுக்கு விற்பார்கள், அது வேறு சங்கதி.) டெஸ்டினி 2இல் 2021 டிசம்பரில், தயாரித்த நிறுவனத்தின் முப்பதாம் ஆண்டுக்காக 24.99 டாலருக்கு ஒரு பேக் போட்டார்கள். புது டஞ்சன் (சிறு குழுவாக ஆடும் பகுதி) அந்தப் பேக்கை வாங்கியவர்களுக்கு மட்டும், ஆறு பேர் சேர்ந்து ஆடும் புது மோட் எல்லோருக்கும் இலவசம். விலையைப் பற்றி முணுமுணுக்கலாம், ஆனால் எது யாருக்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

இப்போது நாள் கணக்கு. விழா முடியும் நேரத்தை அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் போட்டிருந்தால் மாற்றிப் பாருங்கள்: அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு கோடையில் இரவு 10.30, நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு இரவு 11.30. அப்புறம் டவுன்லோடு. எக்ஸ்பான்ஷன் பல ஜிபி இருக்கும், நிறைய கேம்களில் வாங்காதவர்களுக்கும் அந்த ஃபைல்கள் ஏற்கெனவே இறங்கியிருக்கும், இல்லையென்றால் ஃபைபர் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து இறக்குங்கள். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது, புளியரைப் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் அது கேரளா டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் லெவல் ஏற்றும் நேரம். வேலைக்குப் போகிறவர் தினம் ராத்திரி எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டு, மிச்சமிருக்கும் நாள்களோடு வைத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் வாங்கினாலும் அச்சீவ்மென்ட் கிடைக்கப்போவதில்லை, நியாயம் அநியாயம் பேசவே அங்கே இடமில்லை.

வாங்குவது என்று முடிவானால் இருப்பதிலேயே விலை குறைந்த எடிஷன் போதும். டீலக்ஸில் வருவது பெரும்பாலும் உடை, செல்லப்பிராணி, லெவல் பூஸ்ட் (ஒரே தட்டில் லெவலை ஏற்றிவிடுவது). விலை டாலரில் இருந்தால் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், சில இடங்களில் ஜிஎஸ்டி கடைசித் திரையில்தான் சேரும், அதனால் கடைசித் திரை வரை போய் மொத்தத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்பா கார்டிலோ மாமா யுபிஐயிலோ கட்டுகிறவர்கள் மாதச் சந்தா ஆட்டோபே ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் வீட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ரீஃபண்ட் பற்றி ஒன்று. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய எக்ஸ்பான்ஷனை 14 நாள்களுக்குள் திருப்பலாம், வாங்கிய பிறகு அந்தக் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால். ஆனால் கேரக்டரின் லெவலைத் திரும்ப இறக்க முடியாதபடி ஏற்றிவிடும் எக்ஸ்பான்ஷன்களுக்கு ரீஃபண்ட் மறுக்கப்படலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. எனவே கூட வந்த லெவல் பூஸ்ட்டை வாங்கிய அன்றைக்கே தட்டிவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பூட்டு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பாருங்கள், திறக்கவில்லை என்றால் அப்போதே திருப்பிவிடுங்கள்.

காத்திருந்தால் விலை குறையும் என்பது உண்மைதான். வார்கிராஃப்டில் 2018 ஜூலை முதல் பழைய எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் சந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டன, 2014இல் தனியாக விற்ற அதே வார்லார்ட்ஸும் அதில் சேர்த்தி. ஆனால் அதற்குள் அந்த விழா முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. என்னைக் கேட்டால் அநியாயம் இருப்பது இங்கேதான். காசு மட்டும் கேட்டால் சேர்த்து வைத்துப் பிறகு வாங்கலாம், கெடு மட்டும் வைத்தால் தூக்கத்தைக் குறைத்து முடிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் கையில் காசில்லாத பழைய ஆளுக்கு வழியே இல்லை. எக்ஸ்பான்ஷன் சும்மாவே பிடித்திருக்கிறது, விழா இல்லாவிட்டாலும் ஆடியிருப்பேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். மவுண்ட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

வாங்காதவர்கள் சும்மா இருக்கவும் வேண்டாம். சப்போர்ட் டிக்கெட்டில் திட்டி எழுதினால் அதைப் படிப்பவருக்கு விதியை மாற்றும் அதிகாரம் கிடையாது, கேமுக்குள் கருத்துச் சொல்ல இருக்கும் பெட்டியில் எழுதுங்கள். எந்த வருஷத்திலிருந்து ஆடுகிறீர்கள், எந்தப் படியில் பூட்டு, வாங்கும் முன் அது எங்கேயும் சொல்லப்பட்டிருந்ததா, இவ்வளவு போதும். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: எல்லாம் வேண்டும் என்பதை மாற்றி ஏதாவது இத்தனை போதும் என்று வையுங்கள், அல்லது எக்ஸ்பான்ஷன் பகுதியைத் தனி அச்சீவ்மென்ட்டாகப் பிரியுங்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை. பிளேஸ்டேஷனில் அச்சீவ்மென்ட்டுக்குப் பெயர் டிராஃபி, எல்லாம் முடித்தால் வரும் பிளாட்டினம் டிராஃபிக்கு டிஎல்சி (பிறகு தனியாக விற்கும் கூடுதல் பகுதி) டிராஃபிகள் கணக்கில் வருவதில்லை, அவை தனிப் பட்டியல்.

"இதுவே கடைசி வாய்ப்பு" என்று விற்றுவிட்டு அடுத்த வாரமும் அதையே விற்றால், அல்லது முன்பு சொல்லாத தொகை சேர்ந்து கடைசித் திரையில் விலை ஏறினால், அது வேறு புகார். போலி அவசரம், மறைத்துக் கூட்டும் விலை இரண்டுமே 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம். வெறும் பூட்டுக்காக அங்கே கூப்பிட வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்ட பூட்டு அவர்கள் கணக்கில் வராது.