கிணற்று மோட்டாரில் ஜல்லிச் சத்தம் கேட்டால் என்ன செய்வது?

சித்திரையில் தண்ணீர் கீழே இறங்கியதும் எங்கள் தோட்டத்து மோட்டார் ஜல்லி அரைப்பதுபோலக் கத்தும். "பேரிங் போச்சுங்க" என்று மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். சத்தம் போகவில்லை. கழற்றிப் பார்த்தால், இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) தண்ணீர் நுழையும் வாயை ஒட்டிக் கறையான் அரித்த பலகைபோலக் குழிகுழியாக இருந்தது. மணலே வராத கிணறு அது. தண்ணீரில் குமிழி பிறந்து நொறுங்கும் கேவிட்டேஷன்தான் இந்த அரிப்புக்குக் காரணம்.

படி 1: கண்ணால் பாருங்கள்
ஊசி இல்லாத சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் கால் பங்கு தண்ணீர் எடுங்கள். காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்து, தண்டை வலுவாக இழுங்கள். அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும்! விட்டதும் குமிழி சட்டென்று மறையும். இம்பெல்லர் வாயிலும் அழுத்தம் இறங்கி இப்படித்தான் குமிழி பிறக்கிறது. அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் அது நொறுங்க, உள்ளே பாயும் தண்ணீர் ஊசிபோல இரும்பைக் குத்துகிறது. கப்பல் புரொப்பெல்லர்கள் குழி விழுந்ததை வைத்து ஆங்கில இயற்பியலாளர் ராலே 1917இல் இதற்குக் கணக்குப் போட்டார். கடலில் ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்கி இதே குமிழியை உண்டாக்கி இரையை மயக்குகிறது. கோடையில் மண் காய்ந்தால் மரத்தின் நீர்க்குழாய்களிலும் குமிழி விழுந்து நீரோட்டம் அறும்.

படி 2: சோதியுங்கள்
தண்ணீர் வெளியேறும் டெலிவரி பைப்பின் கேட் வால்வை மெதுவாகக் கொஞ்சம் மூடுங்கள். சத்தம் அடங்கினால் பெரும்பாலும் கேவிட்டேஷன்தான். தொட்டியில் தண்ணீர் பால்போல நுரைத்து விழுந்தால், கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் பக்கத்துச் சக்‌ஷன் ஜாயிண்டில் காற்று இழுக்கிறது, அது வேறு கோளாறு. சக்‌ஷன் பக்க வால்வை மட்டும் மூடிப் பார்க்காதீர்கள், குமிழி பெருகும்.

படி 3: அளந்து பாருங்கள்
தண்ணீர் மட்டத்திலிருந்து மோட்டார் வரை கயிறு விட்டு அளங்கள். சக்‌ஷன் பைப்பில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல்மட்டத்தில் அது 10.3 மீட்டர்வரை தள்ளும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 10க்கும் குறைவு. உராய்வும் பம்பின் தேவையும் போக, 20 அடிக்குள் வைப்பது நல்லது. எங்களுடையது 27 அடி!

படி 4: சரிசெய்யுங்கள்
முதலில் மெயினை அணையுங்கள். பைப்பின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் பாசியைச் சுரண்டுங்கள். சக்‌ஷன் பைப் டெலிவரியைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், பைப்பில் வளைவுகளைக் குறையுங்கள். அப்போதும் கத்தினால் மோட்டாரைக் கீழே இறக்குவதுதான் வழி. நாங்கள் பாறையில் மேடை வெட்டி 8 அடி இறக்கினோம். ஜல்லிச் சத்தம் போய் வெறும் ரீங்காரம்தான் கேட்டது. ஐப்பசி மழைக்கு முன் மறுபடி மேலே ஏற்றிவிடுங்கள், மட்டம் ஏறி மோட்டார் மூழ்கினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விடும்.