மருதம்பட்டைக் கஷாயத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் ஊசி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, கொலஸ்ட்ரோலுக்கு எந்தக் கஷாயம் நல்லது என்று கேட்பவர்களிடம் முதலில் இரத்தத்தைப் பற்றித்தான் பேசுவேன். கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல், சாப்பாடும் மருந்தும் மாறாமலேயே பத்து வீதம் வரை ஏறி இறங்கக்கூடியது. 160 mg/dL என்று வந்தது அடுத்த மாதம் 148 என்று வந்தால் அதில் கொண்டாட ஒன்றுமில்லை.

எனவே மருந்தைத் தொடுவதற்கு முன், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் கொடுத்துச் சராசரியை எழுதி வையுங்கள். நம்மவர்கள் பயமுறுத்தும் அறிக்கை ஒன்று கையில் கிடைத்த அன்றே மருதம்பட்டையை அவிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி உச்சத்தில் வந்த எண், பட்டை குடிக்காவிட்டாலும் அடுத்த முறை ஓரளவு இறங்கத்தான் பார்க்கும். 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் குக்குலு என்ற மரப்பிசின் பற்றிய ஆய்வொன்று வந்தது. 103 பேர், எட்டு வாரம். வெறும் போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கு எல்டிஎல் ஐந்து வீதம் குறைந்தது. குக்குலு எடுத்தவர்களுக்கோ நான்கைந்து வீதம் கூடியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

அந்த முதல் இரத்தத்திலேயே தைரொயிட்டையும் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். தைரொயிட் சோம்பினாலும் கொலஸ்ட்ரோல் ஏறும். அதற்குப் பட்டை பதிலல்ல. எல்டிஎல் 190க்கு மேல் உள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரை குடிப்பவர் அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. வேறு மாத்திரை எது எடுத்தாலும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்: குக்குலு சில இதய மாத்திரைகளின் பலனைக் குறைக்கும், உள்ளி (பூண்டு) மாத்திரையை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்த்தால் இரத்தக் கசிவுக்கு வழி.

இனி மருந்து. புறக்கோட்டை காபோஸ் லேனில் கேட்டால் ஐந்தாறு சரக்கைச் சேர்த்தே கட்டித் தருவார்கள். வாங்காதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு எப்படித் தெரியும்? ஒன்றே ஒன்றை, முழுக் காலத்துக்கும் போதுமான அளவில், ஒரே தடவையில் வாங்குங்கள். மருதம்பட்டையை (சிங்களவர் கும்புக் என்பது) தூளாக அல்லாமல் பட்டையாகவே எடுங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உலோகம் சேரும் பஸ்பங்களின் பக்கம் போகவேண்டாம். ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்துக்கு ஆகாது. அளவை வைத்தியர் சொல்லட்டும். நீங்கள் சமையலறைத் தராசில் நிறுத்து எடுங்கள். 'ஒரு கைப்பிடி' எல்லாம் அளவில்லை.

மருதத்தைப் பற்றிச் சிறு ஆய்வுகள் சில நல்லதாகச் சொல்கின்றன; என்னைப் பொறுத்தவரை அவை போதாது. உள்ளியை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள்; 2007இல் முடிவு வந்தது, எல்டிஎல் அசையவில்லை. உள்ளி குழம்புக்கு நல்லது. என்னைக் கேட்டால் இசப்கோல் என்ற விதையின் நார்ச்சத்து உமியில் தொடங்கச் சொல்வேன். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈரல் புதிய பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை எடுக்கிறது. நாளுக்குப் பத்து கிராம் அளவில் எல்டிஎல் ஐந்து முதல் பத்து வீதம் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

எட்டு வாரம் வேறெதையும் மாற்றாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மருதம்பட்டை குடிக்கத் தொடங்கிய வாரமே றோல்ஸையும் பற்றிஸையும் விட்டார், மரின் டிரைவில் மாலை நடையும் தொடங்கினார். எண் இறங்கியது. பூமாலை மட்டும் பட்டைக்கு! தேங்காய்ப்பால், நடை, உடல் நிறை மூன்றையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

முடிவில் மறுபடி இரண்டு இரத்தம், அதே கூடத்தில், காலையில் அதே நேரம், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில். தண்ணீர் குடிக்கலாம், பிளேன்டீ கூடாது. படியேறி வந்த கையோடு கையை நீட்டாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். பல கூடங்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை; மற்ற எண்களிலிருந்து கணக்கிடுகின்றன. முதல் நாள் கல்யாணச் சாப்பாடும் மதுவும் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பை உயர்த்தினால் அந்தக் கணக்கு பிசகும்; 400ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது.

சராசரிக்குச் சராசரி பத்து வீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலும் உடனே நம்பாதீர்கள். மருந்தை நிறுத்தி, எட்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் பழைய இடத்துக்கு ஏறினால்தான் மருந்தின் வேலை என்று சொல்லத் துணிவேன். இடையில் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, தசை காரணமின்றி வலித்தாலோ அன்றைக்கே நிறுத்தி, மிச்சப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.