வகுப்பு எடுக்கும் முன் ஊசியைப் பாருங்கள்: பணியாளர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து சில வருடங்களுக்கு முன் அழைத்தார்கள். "டேமேஜ் ரொம்ப வருதுங்க. டைலருங்களுக்குத் தரத்தைப் பத்தி ஒரு நாள் டிரெய்னிங் குடுத்துடுங்க" என்றார் உற்பத்தி மேலாளர். நானும் சரி என்று பாடம் தயாரித்துக்கொண்டு போனேன். வரிசையாக மெஷின் போட்ட தையல் லைன் இரண்டை நிறுத்தி, எல்லோரையும் மாடியில் உட்கார வைத்து நாள் முழுக்கப் பேசினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். அடுத்த வாரம் அதே டேமேஜ் அதே அளவில் வந்தது.

அப்புறம்தான் செக்கிங் டேபிளுக்குப் போனேன். முக்கால்வாசி டேமேஜ் ஊசி ஓட்டை. தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக விழுந்திருந்தது. செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் ஒரு பீஸை இழுத்துக் காட்டி, "இந்த ரோல் துணி வந்தா மட்டும்தானுங்க ஓட்டை விழுது, மத்ததுல இல்லீங்க" என்றார். தொட்டுப் பார்த்தால் துணி வறவற என்றிருந்தது. சாயப்பட்டறையில் அதிகம் காயவைத்து, மிருதுவாக்கும் மருந்தும் சரியாகப் போடாத துணி. அதன் மேல் மெஷினில் கூர்முனை ஊசி. பின்னலாடைக்கு உருண்டை முனை உள்ள பால் பாயிண்ட் ஊசிதான் வேண்டும். அது கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும், கூர்முனை நூலையே வெட்டிவிடும். ஊசி வாங்குவது ஸ்டோர்ஸ் வேலை, துணி வாங்குவது ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. வகுப்பில் உட்கார்ந்திருந்ததோ டைலர்கள்.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைப்பவருக்கு மெஷினை விட்டு எழுந்த ஒவ்வொரு மணி நேரமும் கூலி நஷ்டம். அன்றைக்கு அவர்கள் இழந்ததை நினைத்தால் இன்னமும் மனது கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டதையே தேவை என்று எடுத்துக்கொள்வது

'பயிற்சி வேண்டும்' என்று ஒருவர் கேட்கும்போது, சிக்கல் என்ன, அதற்குக் காரணம் யார் என்று அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வேலை செய்பவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்த முடிவு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டால், மற்ற எல்லாவற்றையும் அந்த நிமிடத்திலேயே பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் கேட்க வேண்டியது, கம்பெனிக்கு எந்த எண் வலிக்கிறது என்பதை. 3000 பீஸ் உள்ள ஒரு லாட்டில் பெரிய குறைகளுக்கு 2.5 ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) என்று பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், வைத்திருந்தால், வழக்கமான ஆய்வில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 7 வரை குறை இருந்தால் லாட் பாஸ், 8 வந்தால் ஃபெயில். ஃபெயிலானால் 3000 பீஸையும் பிரித்து மறுபடி செக் செய்ய வேண்டும், சில சமயம் கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவுதான் முதலாளியைத் தூங்கவிடாமல் செய்வது. 'தர விழிப்புணர்வு' என்ற பேச்சை இந்த இடம் வரை இறக்கிக் கொண்டுவந்தால், எந்தக் குறை, எந்த ஸ்டைலில், எத்தனை பீஸில் என்று மேலாளரே தேட ஆரம்பித்துவிடுவார்.

எல்லாக் குறைக்கும் திறமையின்மைதான் காரணம் என்று நினைப்பது

அதிகம் நடக்கிற தவறும் அதிகம் சேதம் செய்கிற தவறும் இதுதான். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கில்பர்ட் 1978-ல் ஒருவரின் வேலைத்திறனை ஆறு பெட்டிகளாகப் பிரித்துக் காட்டினார். நிர்வாகத்தின் பக்கம் மூன்று: தெளிவான தகவல், சரியான கருவி, கிடைக்கும் பலன். வேலை செய்பவர் பக்கம் மூன்று: அறிவு, உடல்-மனத் தகுதி, ஆர்வம். பயிற்சி வகுப்பு நேரடியாகத் தொடுவது இந்த ஆறில் அறிவு என்ற ஒரு பெட்டியை மட்டும். முதலில் நிர்வாகத்தின் பக்கம் உள்ள மூன்றைச் சரி செய்யுங்கள் என்பதே அவர் சொன்ன வரிசை.

நம் லைனில் இது எப்படி இருக்கும்? பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள் சூபர்வைசர் மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது, டைலர் அதைப் பார்த்ததே இல்லை என்றால் அது தகவல் குறை. ஊசி கதை கருவிக் குறை. பீஸ் எண்ணிக்கைக்குத்தான் காசு, குறை என்று திரும்பி வந்த ஆல்டர் பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் காசில்லை என்றால் அது பலன் குறை. அப்படிப்பட்ட லைனில் தரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் சனிக்கிழமை வாங்கப்போகும் சம்பளம்தான் அவர் கையை ஓட்டும். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

எளிய ஒரு சோதனை உண்டு. பையரின் ஆள் வந்து பக்கத்தில் நிற்கும் நாளில் அதே டைலர் அதே வேலையைச் சுத்தமாகச் செய்கிறாரா? செய்கிறார் என்றால் திறமை இருக்கிறது, மற்ற நாட்களில் வேறு ஏதோ தடுக்கிறது. அந்த நாளிலும் குறை வந்தால் துணியையும் மெஷினையும் பாருங்கள். அவையும் சரி என்றால் தாராளமாகப் பயிற்சி கொடுங்கள்.

தர நிபுணர் டெமிங் தன் கருத்தரங்குகளில் செய்துகாட்டிய மணிச் சோதனையை இங்கே சொல்ல வேண்டும். பெட்டியில் 3200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். 50 குழிகள் உள்ள துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் அது குறை. எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார், பாராட்டுவார், திட்டுவார், சிலரை வேலையைவிட்டு நிறுத்துவார். சிவப்பு மணி குறையவே குறையாது, ஏனென்றால் அது பெட்டியிலேயே இருக்கிறது. அந்த வறவற துணி ரோல்தான் எங்கள் பெட்டி.

மேலாளர் அறையிலேயே விசாரணையை முடித்துக்கொள்வது

இரண்டு நாள் செக்கிங் டேபிளில் ஒரு தாளோடு உட்காருங்கள். ஒவ்வொரு டேமேஜுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன குறை, எந்த மெஷின், எந்த ரோல், எத்தனை மணிக்கு. குறை ஒரே ரோலில் குவிந்தால் துணி. ஒரே மெஷினில் குவிந்தால் ஆளை வேறு மெஷினுக்கு மாற்றிப் பாருங்கள். குறை அவர் கூடவே போனால் பயிற்சி, மெஷினிலேயே தங்கினால் மெக்கானிக். எல்லா மெஷினிலும் ஒரே ஸ்டைலில் வந்தால் தைக்கச் சொன்ன முறை தவறு. வழக்கத்தைவிட நீளும் ஒன்றரை ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் குவிந்தால் ஆட்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், அதற்கு மருந்து ஓய்வு.

அப்புறம் பேசுங்கள், அவரவர் மொழியில். திருப்பூர் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய பேர். 'சொன்னால் புரிவதில்லை' என்று எழுதப்பட்ட பல குறைகள், தமிழில் மட்டும் சொல்லப்பட்டவை. அவர்களுக்குத் தையல் நன்றாகவே தெரியும்.

ஃபைலுக்காக வைப்பதையும் தேவைக்காக வைப்பதையும் கலப்பது

தீயணைப்புப் பயிற்சி, முதலுதவி, ரசாயனப் பாதுகாப்பு எல்லாம் எந்தக் கணக்கும் பார்க்காமல் கட்டாயம் நடக்க வேண்டியவை. அவற்றை ஒழுங்காக நடத்துங்கள். ஆனால் ஆடிட்டுக்கு இன்னொரு வருகைப் பதிவேடு வேண்டும் என்பதற்காகத் 'தரப் பயிற்சி' வைக்காதீர்கள்.

பலனை அளப்பதைக் கடைசியில் யோசிப்பது

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, கம்பெனிக்கு விளைவு கிடைத்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் படிக்கு ஒரு படிவம் கொடுத்து முடித்துவிடுகிறோம். திட்டமிடும்போது நான்காவது படியிலிருந்து கீழே இறங்க வேண்டும். எந்த எண் எவ்வளவு குறைய வேண்டும், அதற்குத் திங்கட்கிழமை காலை யார் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும், அதற்கு அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்ற வரிசையில். இன்றைய எண்ணை இன்றே குறித்து வைக்காவிட்டால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

பயிற்சியேதான் வேண்டும் என்ற இடங்கள் உண்டு. வட்டக் கழுத்து டி-ஷர்ட் மட்டுமே தைத்துவந்த கம்பெனி போலோ ஆர்டர் எடுத்தால், முன்பட்டி வைத்துத் தைப்பது கைக்குப் புதிது. அங்கே நன்றாகத் தைக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெஷினிலேயே, இரண்டு இரண்டு பேராகச் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவர்களின் சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

நான் மறுபடி போன அந்த பனியன் கம்பெனியில் கடைசியில் பயிற்சி பெற்றவர்கள் மூன்றே பேர்: ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், மெக்கானிக், ரோல் இறக்கும்போது துணியைச் சோதிக்கும் தம்பி. எந்தத் துணிக்கு எந்த ஊசி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எப்படிப்பட்ட ரோலைத் திருப்பி அனுப்புவது என்று செக்கிங் டேபிள் பக்கத்திலேயே நின்று பேசினோம். லைன் ஓடிக்கொண்டே இருந்தது.