தரவுத்தளத்தில் மதிப்பு இருந்தும் ஆப்ஜெக்ட்டின் புலம் தவறாக வந்தால்

அட்டவணையில் சரியான மதிப்பு இருந்தும் நிரலில் உள்ள ஆப்ஜெக்ட்டின் புலம் வெறுமையாக வந்தால், மேப்பிங்கில் (எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்கு என்ற பொருத்தத்தில்) கைவைக்கும் முன், பதிவுகளை ஆப்ஜெக்ட்டாக மாற்றித்தரும் நூலகம் உண்மையில் அனுப்பும் எஸ்கியூஎல் வினவலை லாகில் அச்சிட்டு, அதையே தரவுத்தளத்தில் நேரடியாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

அங்கே மதிப்பு கிடைத்தால் அடுத்த சந்தேகம் பெயர்மீதுதான். நெடுவரிசையின் பெயரில் அடிக்கோடு இருந்து புலத்தின் பெயரில் இல்லாவிட்டால், டாட்நெட்டின் டாப்பர் போன்ற நூலகம் இயல்பமைப்பில் எந்தப் பிழையும் காட்டாமல் அந்தப் புலத்தை அப்படியே விட்டுவிடும். வினவலில் நெடுவரிசைக்குப் புலத்தின் பெயரையே மாற்றுப்பெயராகக் கொடுத்தால் போதும்.

வகைப் பொருத்தத்தில் வரும் கோளாறுகள் இதைவிட வஞ்சகமானவை. ஜாவாவில் தரவுத்தளத்தை அணுக உதவும் ஜேடிபிசியின் கெட்இன்ட் செயற்கூறு, நல் (null, மதிப்பே இல்லாத நிலை) வந்தாலும் 0 என்றே தருவதால், உண்மையான சுழியத்தையும் இல்லாத மதிப்பையும் பிரித்தறிய, உடனே அடுத்த வரியில் வாஸ்நல் செயற்கூறை அழைக்க வேண்டும். ஜாவா ஆப்ஜெக்ட்டுகளைத் தரவுத்தளத்தில் சேமிப்பதற்கான ஜேபிஏ, ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) மதிப்புகளை இயல்பாக வரிசை எண்ணாகச் சேமிக்கிறது; ஆகவே பட்டியலின் நடுவே புதிய பெயரொன்றைச் சேர்த்தால், அதற்குப் பின்வரும் பெயர்களின் எண்கள் நகர்ந்து, பழைய பதிவுகள் சத்தமின்றி வேறு பொருள் கொள்ளும். பெயரையே சரமாகச் சேமிக்கச் சொல்வது பாதுகாப்பானது (எண்ணாக வைத்தால் இடம் மிச்சமாகும் என்ற எதிர்வாதம் பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதன்று); ஆனால் அப்படி மாற்றுமுன், ஏற்கெனவே உள்ள எண்களைப் பெயர்களாக மாற்றிவிட வேண்டும்.

தேதி மட்டும் ஒருநாள் தள்ளி வந்தால், தரவுத்தள சர்வர், அதனுடன் நிரலை இணைக்கும் டிரைவர் இரண்டின் நேர மண்டலங்களையும் ஒப்பிடுங்கள்.