கிளைக் கணினிகளை ஸாபிக்ஸில் இடவாரியாகப் பிரிப்பது எப்படி?

ஸாபிக்ஸ் என்பது கணினிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருள். கண்டியில் ஒரு ஸாபிக்ஸ் சர்வர். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளையில் கிளை அலுவலகங்கள். அங்கே லினக்ஸ், பிரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள் ஓடும் கணினிகள். எந்தக் கணினி எந்தக் கிளைக்குரியது என்பதை ஐபி முகவரியால் பிரிக்கப் போனால் சிக்கல்தான். சாதாரண புரோட்பேண்ட் ரவுட்டர்கள் பலவும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுக்கின்றன. ஹட்டனில் உள்ள 192.168.1.20 பண்டாரவளையிலும் இருக்கலாம். ஆகவே கிளைக்கொரு ப்ராக்ஸி வையுங்கள்: கிளைக் கணினிகளின் தரவைச் சேர்த்துச் சர்வருக்கு அனுப்பும் இடையாள் அது. கணினி எந்த ப்ராக்ஸியோடு பேசுகிறதோ அதுவே அதன் இடம்.

ப்ராக்ஸியை ஆக்டிவ் முறையில் ஓட்டுங்கள். அப்போது ப்ராக்ஸியே சர்வரின் 10051 போர்ட்டுக்கு இணைப்பை எடுக்கும். கிளையில் பொது ஐபி தேவையில்லை. 4ஜி ரவுட்டர் உள்ள இடங்களுக்கு இதுதான் ஒத்துவரும். சர்வரில் ப்ராக்ஸிக்குக் கொடுத்த பெயரும் ப்ராக்ஸியின் கட்டமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ப்ராக்ஸி தரவை வைக்க, இருபது கணினிகளுக்கு எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் தாராளமாகப் போதும்.

மலையகத்தில் தவறவே விடக்கூடாத அமைப்பு ப்ராக்ஸிஆஃப்லைன்பஃபர். சர்வரோடு தொடர்பு அறுந்தால் எத்தனை மணித்தியாலத் தரவை ப்ராக்ஸி சேர்த்து வைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. தானாக இருப்பது 1, உச்சம் 720. தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கமும் வடகீழ் பருவமழையில் ஊவாப் பக்கமும் மண்சரிவு, மின்வெட்டு என்று லைன் நாள்கணக்கில் போகலாம். 72 என்று வையுங்கள். 20 கணினிகள், கணினிக்கு நிமிடத்துக்கு 40 அளவீடுகள் என்றால் 72 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 34½ இலட்சம் பதிவுகள். டிஸ்க்கில் 2 ஜிபி காலியாக இருந்தால் கவலையில்லை. பதிப்பு 7.0 என்றால் பஃபர் முறையை (தரவை எங்கே சேர்த்து வைப்பது என்ற அமைப்பை) மெமரியில் மட்டும் விடாதீர்கள். கரண்ட் போனால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

இனி கிளைக் கணினியின் ஏஜென்ட், அதாவது அந்தக் கணினியில் ஓடி அளவீடுகளை அனுப்பும் சிறு நிரல். கட்டமைப்புக் கோப்பில் மூன்று வரிகள்தான் முக்கியம். சர்வர்ஆக்டிவ் வரியில் அந்தக் கிளை ப்ராக்ஸியின் முகவரி. ஹோஸ்ட்நேம் வரியில் கிளையோடு சேர்ந்த பெயர்: ஹட்டன்-கணக்கு-01 என்ற வடிவில், ஆனால் ஆங்கில எழுத்துகளில். தமிழ்ப் பெயரைச் சர்வரில் காட்சிப் பெயராக வைக்கலாம். ஹோஸ்ட்மெட்டாடேட்டா வரியில் இயங்குதளமும் வேலையும். எழுதியபின் ஏஜென்ட்டை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பெரும்பாலான கோளாறுகள் ஹோஸ்ட்நேம் வரியில்தான் பிறக்கின்றன. பொதியோடு வரும் கோப்பில் அங்கே "ஸாபிக்ஸ் சர்வர்" என்றே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால், அல்லது ஒரே டிஸ்க் இமேஜை (முழு டிஸ்க்கின் நகலை) பத்துக் கணினிகளில் இறக்கினால், பத்தும் ஒரே பெயரில் பேசும்; தரவு ஒன்றோடொன்று கலந்து வரைபடம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெயர் கிளைக்குள் மட்டுமல்ல, சர்வர் முழுவதிலும் தனித்ததாக இருக்க வேண்டும். இமேஜ் எடுக்குமுன் அந்த வரியையே நீக்கிவிட்டால் ஏஜென்ட் கணினியின் சொந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும்.

புதுக் கணினி தானாகவே பட்டியலில் சேரும் தன்னியக்கப் பதிவுக்கு, சர்வரில் கிளைக்கொரு ஆக்ஷன் (நிபந்தனையும் செயலும் கொண்ட விதி) எழுதுங்கள். நிபந்தனை: ப்ராக்ஸி ஹட்டன், மெட்டாடேட்டாவில் லினக்ஸ். செயல்: ஹோஸ்ட்டை (அந்தக் கணினியை) சேர், "மலையகம்/ஹட்டன்" குழுவில் போடு, லினக்ஸ் ஆக்டிவ் டெம்ப்ளேட்டை (எதையெதை அளப்பது என்ற ஆயத்தப் பட்டியலை) இணை. பிரீபிஎஸ்டிக்கு வேறு டெம்ப்ளேட், ஆகவே வேறு ஆக்ஷன். பிஎஸ்கே எனும் முன்பே பகிர்ந்த இரகசியச் சாவியையும் போடுங்கள். இல்லையேல் ப்ராக்ஸியை எட்டக்கூடிய எந்தக் கணினியும் தன்னைப் பதிந்துகொள்ளும்.

சில நிமிடங்களில் கணினி பட்டியலில் வரவில்லையா? ஏஜென்ட்டின் லொக்கை (பதிவுக் கோப்பை) பாருங்கள். ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்ற செய்தி இருந்தால் ப்ராக்ஸி வரை வழி சரி. பிழை பெரும்பாலும் ஆக்ஷனின் நிபந்தனையில். இணைப்பே எடுபடவில்லை என்றால் ப்ராக்ஸியின் ஃபயர்வோலில் 10051 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணினியொன்று நுவரெலியாவிலிருந்து பண்டாரவளைக்குப் போனால் சர்வர்ஆக்டிவையும் ஹோஸ்ட்நேமையும் மாற்ற வேண்டும். சர்வரில் உள்ள பெயரை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் புதுக் கணினியாகப் பதிந்து பழைய தரவு தனியே கிடக்கும். ப்ராக்ஸி மாறியதா என்று ஹோஸ்ட்டின் பக்கத்தில் உறுதிசெய்து, பழைய கிளைக் குழுவைக் கையாலே நீக்குங்கள். அதை விட்டால் நுவரெலியாப் பொறுப்பாளருக்கே தொடர்ந்து எச்சரிக்கை போகும்.