ஓலைக் காற்றாடியில் தொடங்குங்கள்

வார விடுமுறையில் ஊர் நூலகத்திலோ அரசுப் பள்ளியிலோ குழந்தைகளுக்குக் கைவினை கற்பிக்க முன்வருபவர்கள், காகிதத்தோடு நின்றுவிடாமல், நம் மாநில மரமான பனையின் ஓலையையும் கையில் எடுக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். முற்றிய ஓலை மடிப்பில் ஒடிந்துவிடும் என்பதால், இளம் குருத்தோலையை வாங்கி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, காய்ந்திருந்தால் சிறிது நேரம் ஈரத்துணியில் சுற்றிவைத்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். கத்தி வேலை முழுவதும் பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். முதல் வகுப்புக்குக் காற்றாடி ஒன்றே போதும். இரண்டு ஓலைத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்து, நடுவில் முள்ளைச் செருகிக் குச்சியில் பொருத்திவிட்டால், குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

மடிப்பு தவறும்போது உடனே வாங்கித் திருத்திக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். வாசிப்பில் தயங்கிப் பின்வரிசையில் ஒதுங்கியிருந்த சிறுமி ஒருத்தி, மூன்று முறை பிரித்துக் கோத்துத் தானாகவே முடித்தபின், பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த பெரிய பையனிடம் “இந்தப் பக்கம் மடிங்கண்ணா” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் அலுவலகச் சோர்வு எனக்குத் தெரியவே இல்லை.